ஜே-1 விசாவில் இருப்பவர் நியூயார்க் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: இந்தியக் குடிமகனான நான் அமெரிக்காவில் ஜே-1 (பரிமாற்றப் பார்வையாளர்) விசாவில் மூன்றாவது ஆண்டாக நரம்பறிவியல் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்). நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் (சியூனி) சேர்ந்த ஒரு கல்லூரி, டெனூர் டிராக் (நிரந்தரப் பதவிக்கு வழிவிடும்) உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பங்களை அழைத்திருக்கிறது. விசா என்றாலே கோப்பை ஓரங்கட்டிவிடுவார்கள் என்று ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். கடிதங்களை எழுதித் தந்து, ஹெச்-1பி வேலை விசாவையும் உறுதி செய்ய 3,000 டாலர் கேட்கிறார். விண்ணப்பக் கடிதத்தில் விசாவைக் குறிப்பிட வேண்டுமா? அவரை நம்பலாமா?

பதில்: கடிதத்தில் விசாவைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். கன்சல்டன்டுக்கு ஒரு டாலரும் வேண்டாம்.

இணைய விண்ணப்பத்தில் "இப்போதோ பின்னரோ ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" என்ற கேள்வி இருந்தால், அங்கே "ஆம்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அதில் பொய் சொன்னால் பின்னால் ஆஃபரே ரத்தாகலாம். அதற்கு மேல் விசா விவரம் எதுவும் தேர்வுக் குழுவின் மேசைக்குப் போக வேண்டியதில்லை. அது ஆஃபர் வந்தபின் மனிதவளத் துறையுடன் பேச வேண்டிய விஷயம்.

"ஹெச்-1பி உறுதி" என்று எவரும் விற்க முடியாது. மனுவைப் போடுவது கல்லூரி மட்டுமே. உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு இத்தனை விசா என்ற வரம்பு கிடையாது. தனியார் நிறுவனங்களைப் போல மார்ச் மாதக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டாம், எந்த மாதமும் மனுப் போடலாம். சட்டம் ஏற்கெனவே தருவதைத்தான் அந்த நபர் உங்களுக்கு விலைக்குக் காட்டுகிறார். பின்னால் கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்று (பெர்ம்) என்று வரும்போதும் ஏமாறாதீர்கள். அதன் வழக்கறிஞர் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் ஊழியரிடம் வாங்கக் கூடாது என்று 2007 முதல் விதி இருக்கிறது. "பாதியை நீங்கள் போடுங்கள்" என்று யார் கேட்டாலும் அது விதிமீறல். விருது வாங்கித் தருகிறோம், ஆய்வுக் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களையும் வாசலிலேயே நிறுத்துங்கள். அப்படி வாங்கியவை குடியேற்றக் கோப்பில் ஏறினால் உங்கள் நேர்மையான கட்டுரைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டிய விசா விஷயம் வேறு. அது ஜே-1க்கு உள்ள இரண்டாண்டுத் தாயகம் திரும்பும் நிபந்தனை. அது உங்கள் மேல் இருந்தால், தீராதவரை ஹெச்-1பியும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை. இந்தியர்களைப் பெரும்பாலும் இதில் மாட்டிவைத்தது திறன் பட்டியல் (எந்த நாட்டுக்கு எந்தத் துறை நிபுணர்கள் தேவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியல்). 2024 டிசம்பரில் இந்தியா அதிலிருந்து நீக்கப்பட்டது, முன்பே வந்தவர்களுக்கும் அது பொருந்தும். பழைய விசா முத்திரையில் "நிபந்தனை உண்டு" என்று இருந்தாலும் அதுவே முடிவல்ல.

ஆனால் அரசுப் பணம் வந்திருந்தால் கதை வேறு. டிஎஸ்-2019 படிவத்தின் (ஜே-1க்கான தகுதிச் சான்று) 5-ஆம் கட்டத்தைப் பாருங்கள். இந்திய அரசின் வெளிநாட்டு ஃபெலோஷிப்பில் வந்தவர், ஃபுல்பிரைட்டில் (அமெரிக்க அரசின் உதவித்தொகை) வந்தவர், என்ஐஎச்சின் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள்) சொந்த ஆய்வகங்களில் அவர்களே ஸ்பான்சராக இருந்து சம்பளம் பெற்றவர் ஆகியோருக்கு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் வழியாக வந்த என்ஐஎச் மானியத்தில் சம்பளம் வாங்கியிருந்தால் பொதுவாக இது பொருந்தாது. இந்த வேறுபாட்டைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய ஜே-1 ஒன்றில் ஒட்டிய நிபந்தனை புதிய ஜே-1 எடுத்தால் மறைவதில்லை என்பதால், எல்லா டிஎஸ்-2019களையும் எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் அட்வைசரி ஒப்பீனியன் (நிபந்தனை உண்டா என்ற அதிகாரபூர்வக் கருத்து) கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. நிபந்தனை உண்டு என்று தெரிந்தால் டிஎஸ்-3035 படிவத்துடன் 120 டாலர் கட்டி விலக்குக் கேட்க வேண்டும், இந்தியத் தூதரகத்தின் ஆட்சேபமின்மைக் கடிதமும் வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அமெரிக்க அரசுப் பணம் பெற்றவருக்கு இந்த வழி இன்னும் கடினம். விலக்குக்குச் சாதகமான பரிந்துரை வந்துவிட்டால் அதன்பின் ஜே-1ஐ நீட்டிக்க முடியாது. ஆகவே நீட்டிப்பு வேண்டுமென்றால் அதை முதலில் முடியுங்கள்.

2025 செப்டம்பர் 21 முதல் நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கான புதிய ஹெச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஓர் அதிபர் பிரகடனம் வந்தது. கல்லூரிகளுக்கும் விலக்கில்லை. நாட்டுக்குள்ளிருந்தே நிலைமாற்றம் (ஜே-1இலிருந்து ஹெச்-1பிக்கு மாறுவது போல) கேட்பவருக்கு அது இல்லை என்று அக்டோபரில் விளக்கம் தந்தார்கள். மனு முடிவாகும் முன் கல்யாணம், காட்சி என்று ஊருக்குப் போனால் நிலைமாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். பிறகு அந்தத் தொகையைக் கட்ட ஓர் அரசுக் கல்லூரி முன்வருவது அரிது. இப்படி ஓர் ஆய்வாளரின் எதிர்காலத்தை விமான டிக்கெட்டோடு முடிச்சுப் போட்டிருப்பது அநியாயம். ஆனாலும் பிரகடனம் சொன்னது இதுதான், விண்ணப்பிக்கும்போது அது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு சொன்னபின்னும், உங்கள் கோப்பு விழுந்தால் விசாவால் விழாது. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய அறிக்கையை அப்படியே அனுப்புவதால்தான் விழும். சியூனியின் நான்காண்டுக் கல்லூரிகளில் ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 18 மணி நேரக் கற்பித்தல் சுமை (பாடங்களின் வார மணி நேரத்தை இரு பருவங்களுக்கும் கூட்டிய கணக்கு). புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஐந்தாண்டுகளில் அதே கணக்கில் மொத்தம் 24 மணி நேரம் கற்பித்தலிலிருந்து சலுகை. முனைவர் பட்ட மாணவர்கள் கிராஜுவேட் சென்டர் (சியூனியின் பொது முனைவர் பட்ட மையம்) வழியாக வருபவர்கள், உங்கள் கல்லூரி தனியாகச் சேர்ப்பதில்லை. ஆறு பிஎச்டி மாணவர்களையும் இரண்டு போஸ்ட்டாக்குகளையும் நம்பிய ஆய்வுத் திட்டத்தைப் பார்த்ததுமே, இவருக்கு இந்த இடம் தெரியவில்லை என்று குழு முடிவு கட்டும்.

கற்பித்தல் அறிக்கையில் "பன்முகத்தன்மையை மதிக்கிறேன்" என்று எழுதினால் யாரும் அதை நம்பப்போவதில்லை. அங்கே வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், குடும்பத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், வீட்டில் வேறு மொழி பேசுபவர்கள் நிறைய. வாரம் இருபது மணி நேரம் ஆய்வகத்தில் நிற்க அவர்களால் முடியாது. வாரம் ஆறு மணி நேரத்தில் ஒருவர் என்ன முடிப்பார் என்று எழுதுங்கள். மூளை ஆய்வு அமைப்பான ஆலன் நிறுவனம் திறந்த தரவாக வெளியிட்டுள்ள எலி மூளைப் பதிவுகளை பைதானில் அலசுவது நல்ல உதாரணம். விலங்கு அனுமதி தேவையில்லை, இரவு வீட்டிலிருந்தே செய்யலாம். அறிமுகப் பாடத்தில் நெர்ன்ஸ் சமன்பாட்டை (செல் சவ்வின் மின்னழுத்தக் கணக்கு) லாகரிதம் மறந்துபோன மாணவருக்கு எப்படிச் சொல்லித் தருவீர்கள் என்று ஒரு பத்தி போதும்.

ஆஃபர் வந்ததும் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஸ்டார்ட்அப் தொகை (ஆய்வகம் தொடங்கத் தரும் பணம்), அதைச் செலவழிக்கும் கெடு, ஆய்வக அறையைப் புதுப்பித்து ஒப்படைக்கும் தேதி, ஒரு விலங்குக் கூண்டுக்கு ஒரு நாள் கட்டணம். சுரங்க ரயில் ஓடும் நகரத்தில் ஒற்றைச் செல் பதிவுக்கும் டூ-ஃபோட்டான் நுண்ணோக்கிக்கும் அதிர்வு பெரிய எதிரி. அறையில் அதிர்வை அளந்து பார்க்காமல் கருவி வைக்கும் மேசைக்கு ஆர்டர் போடாதீர்கள். டீன், புரோவோஸ்ட் (கல்வித் தலைமை அதிகாரி), மனிதவளம் என்று காகிதம் நகர்வதற்குள் நல்ல வேட்பாளர்கள் வேறு இடம் போய்விடுகிறார்கள். கொள்முதலும் அதே வேகம்தான். அதனால் கருவிப் பட்டியலை விலை மேற்கோள்களோடு பேச்சுவார்த்தையின்போதே கொடுத்துவிடுங்கள்.

தேர்வான நாளைக் குறித்து வையுங்கள். கற்பிக்கும் பணி என்பதால் பெர்மில் சிறப்பு நடைமுறை உண்டு. உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் கல்லூரி விண்ணப்பித்தாக வேண்டும். தவறினால் பதவியை மறுபடி விளம்பரம் செய்ய வேண்டும். பணியில் சேர்ந்த முதல் மாதமே தேதியோடு ஒரு மின்னஞ்சல் போட்டு இதைக் கேளுங்கள், ஏனென்றால் அலுவலகம் தானாக நினைவு வைத்திருப்பது அரிது.