ஒரு வரியைத் திருத்தினேன், பேக்கேஜ் பில்ட் ஆகவில்லை

கேள்வி: டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் தினமும் பயன்படுத்தும் ஒரு சின்ன மென்பொருளில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். 'ஏபிடி சோர்ஸ்' கொடுத்து மூலநிரலை இறக்கித் திருத்திவிட்டேன். அதை நிறுவக்கூடிய பேக்கேஜாக பில்ட் செய்தால், எதிர்பாராத மாற்றங்கள் இருக்கின்றன என்று நின்றுவிடுகிறது. தெரிந்தவர் ஒருவர், காசு கொடுத்தால் மாற்றிய டெப் கோப்பையே (நிறுவத் தயாரான பேக்கேஜையே) தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், நீங்கள் முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டீர்கள். டெபியன் சோர்ஸ் பேக்கேஜில் ஆசிரியரின் அசல் நிரல் ஒரு டார் கோப்பாகவும், டெபியன்காரர்கள் செய்த திருத்தங்கள் தனித்தனி பேட்ச்களாகவும் (மாற்றிய வரிகளை மட்டும் பதிந்த கோப்புகள்) இருக்கும், உங்கள் வரி இந்த இரண்டிலும் இல்லாததால்தான் அது நிற்கிறது. பிரித்த கோப்புறைக்குள் போய் 'டிபிகேஜி-சோர்ஸ் --கமிட்' கொடுங்கள். பேட்சுக்கு ஒரு பெயர் கேட்கும், அப்புறம் விளக்கம் எழுத எடிட்டர் திறக்கும், அதில் ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி கட்டாயம் எழுதுங்கள். பிறகு 'டிசிஎச் --லோக்கல்' கொடுத்து பதிப்பு எண்ணுக்கு உங்கள் வால் ஒன்றைச் சேர்த்துவிட்டு பில்ட் செய்யுங்கள்.

'-பி' போட்டு பைனரி (நிறுவும் டெப்) மட்டும் பில்ட் செய், பிழை வராது என்று யாராவது சொல்வார்கள். வராதுதான், ஆனால் உங்கள் மாற்றம் எங்கும் பதிவாகாது. அடுத்த பாதுகாப்பு அப்டேட் வந்து உங்கள் டெப்பை அழித்துவிட்டுப் போகும்போது கையில் ஒன்றுமே இருக்காது. பேட்ச் தனிக் கோப்பாக இருந்தால் புதிய சோர்ஸின் பேட்ச் கோப்புறையில் போட்டு, அங்கே பேட்ச்களின் வரிசையைச் சொல்லும் 'சீரிஸ்' கோப்பின் கடைசியில் பெயரைச் சேர்த்தால் போதும்.

அந்த நண்பர் விஷயம். டெப் கோப்புக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட்கள் நிறுவும்போது ரூட் உரிமையோடு, அதாவது கணினியில் எதையும் செய்யும் முழு அதிகாரத்தோடு ஓடும், அவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. காசு வாங்குவது தப்பில்லை, பல கட்டற்ற மென்பொருள்களின் உரிமமான ஜிபிஎல் அதை அனுமதிக்கிறது. ஆனால் நிரல் ஜிபிஎல் என்றால் மூலநிரலையும், திருத்துவதற்கு வசதியான வடிவத்திலேயே, கேட்டால் தந்தாக வேண்டும். 'சோர்ஸ் எங்கே?' என்று கேளுங்கள். மழுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: பிரித்த கோப்புறையில் உள்ள 'டெபியன்' என்ற உள்கோப்புறைக்குள் 'சோர்ஸ்/ஃபார்மட்' என்ற கோப்பு. அதில் '3.0 (குவில்ட்)' என்றிருந்தால் மேலே சொன்னது பொருந்தும். '1.0' என்றிருந்தால், அல்லது அந்தக் கோப்பே இல்லையென்றால், 'கமிட்' வேலை செய்யாது. பழைய பேக்கேஜ்கள் அவை, பெரும்பாலும் எல்லாத் திருத்தங்களும் ஒரே டிஃப் கோப்பில் மொத்தமாகக் கலந்து கிடக்கும். உங்கள் வரியும் சத்தமில்லாமல் அதற்குள் போய்விடும், பிழைகூட வராது, பிறகு யாருடைய திருத்தம் எது என்று பிரிக்க முடியாது. ஆகவே கை வைக்கும் முன்பே கோப்புறையை நகல் எடுத்து வையுங்கள், திருத்தி முடித்ததும் இரண்டுக்கும் 'டிஃப் -ஆர்யூ' போட்டு வெளியீட்டைத் தனியாகச் சேமியுங்கள்.

ஒரு வரி மாற்ற வந்தவர் ஏன் முதலில் அந்தப் பேக்கேஜைக் கட்டும் பராமரிப்பாளரின் பழக்கத்தைப் படிக்க வேண்டும்? எந்தப் பேக்கேஜானாலும் ஒரே மாதிரி கிட் களஞ்சியமாக (மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கோப்புறையாக)த் தருவதற்கு 'டிகிட்' என்ற கருவி இருக்கிறது, ஆனால் புதியவர்களுக்கு அதை யாரும் முதலில் சொல்வதில்லை. எனக்கு இதில் பொறுமையே போய்விட்டது.

சரி, பில்ட் ஆனதும் அந்த பேட்சை, பிழைகளைத் தெரிவிக்கும் 'ரிப்போர்ட்பக்' கருவி வழியாக டெபியனுக்கு அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பில் நீங்கள் எதையும் சுமக்க வேண்டியதில்லை.