‘அது வேறு விஷயம்’ என்று எழுதினீர்களே!

கேள்வி: அம்மா, எனக்கு வயது 49. இசை என்றால் எனக்கு உயிர். சிறு வயதிலிருந்து சேர்த்த 400 கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி, பாடகர், இசையமைப்பாளர், ஆண்டு என்று பிரித்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். மகளுக்கு ஐந்து வயதானதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு காலையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, நல்ல பாடல்களாகத் தேர்ந்தெடுத்துப் போட்டுக் காட்டினேன். யார் பாடியது, என்ன வாத்தியம் என்று கேட்பேன், சரியாகச் சொல்வாள். இப்போது அவளுக்கு 17 வயது. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். மொழியே புரியாத ஏதோ சத்தத்தைக் கேட்கிறாள். போன வாரம், “உங்கள் பாட்டு எனக்கு வேண்டாம் அப்பா” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ஐந்திலேயே வளைத்தும் வளையவில்லையே என்று மனம் ஆறவில்லை. என் மனைவியும் மகளைத் தூங்கவைக்கும்போது பாடுவாள். சுருதி சேராது. நானும் சில முறை எடுத்துச் சொன்னேன். பிறகு அவளே நிறுத்திவிட்டாள். அது வேறு விஷயம். மகளை நல்ல இசையின் பக்கம் திருப்புவது எப்படி? வயதான பின்னாவது தானாகத் திரும்பி வருவாளா?

– பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: தம்பி, பிள்ளை படிக்கவில்லை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பதற்கு அடுத்தபடியாக எனக்கு அதிகம் வருவது இந்தக் கடிதம்தான். என் ரசனை என் பிள்ளைக்கு வரவில்லையே என்ற புலம்பல். எல்லாம் காலப்போக்கில் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மூன்றாவது முறையே கோபம் வந்துவிட்டது. நான்காவது முறை படித்தது, அந்தக் கோபம் நியாயம்தானா என்று பார்ப்பதற்காக. நியாயம்தான்.

கேசட்டுகளின் எண்ணிக்கையை எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் போட்ட விதத்தை எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு, காலை, ஒரு மணி நேரம் என்று கணக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் ஒரு பெண் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார், இப்போது பாடுவதில்லை என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. எப்போது நிறுத்தினார், எத்தனை முறை ‘எடுத்துச் சொன்னீர்கள்’, என்ன சொன்னீர்கள், எதுவும் இல்லை. ‘அவளே நிறுத்திவிட்டாள்’ என்கிறீர்கள். அவரே நிறுத்தவில்லை ஐயா, நீங்கள் நிறுத்தினீர்கள். நிறுத்திவிட்டு, முற்றுப்புள்ளி ஒன்றைப் போட்டு, ‘அது வேறு விஷயம்’ என்று தாண்டிப் போய்விட்டீர்கள்.

தாலாட்டுக்கு ரசிகர் ஒருவர்தான். அந்த ரசிகர் தூங்கிவிட்டால் சுருதி சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்த அறைக்கு வெளியே நின்று மதிப்பெண் போட உங்களை யார் அழைத்தார்கள்?

பெற்றோரின் ரசனை பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் வழியே தவறு. நல்ல பாட்டாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, நல்ல ஒலிபெருக்கியில் போட்டால் அது காதில் இறங்கிவிடும் என்பது உங்கள் எண்ணம். 2016இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஐந்து மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளில் புதிய பாட்டு ஒன்றைத் தாயோ தந்தையோ ஓரிரு வாரங்கள் குழந்தைக்குப் பாடிக் காட்டினார்கள். வேறு சில வீடுகளில் அதே பாட்டை ஒரு பொம்மை பாடியது. பிறகு, முன்பின் தெரியாத இருவர், ஒருவர் அந்தப் பாட்டையும் மற்றவர் வேறொரு பாட்டையும் பாடுவதைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பெற்றோர் வாயிலாகப் பாட்டைக் கேட்ட குழந்தைகள் அதைப் பாடியவரையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தன. பொம்மையிடம் கேட்ட குழந்தைகளுக்கு இருவரும் ஒன்றுதான். அந்தப் பொம்மை ஒரு முறைகூடச் சுருதி தவறியிருக்காது. என்ன பயன்?

தாயின் குரலுக்கு அதைவிடப் பழைய உரிமை உண்டு. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பானைச் சூப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன என்று டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் 1980இலேயே காட்டிவிட்டார்கள். வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் அது. உங்கள் மகளின் முதல் இசை உங்கள் கேசட்டுகளில் இல்லை. நீங்கள் சுருதி சேராது என்று சொன்னீர்களே, அங்கே இருந்தது.

இனி உங்கள் மகளின் இடத்தில் நின்று பாருங்கள். சின்னஞ்சிறு வயதில் இருட்டில் அம்மா பாடுவதைக் கேட்டுக்கொண்டு தூங்கியவள். ஒருநாள் அது நின்றுபோகிறது. எப்படி நின்றது என்று அவளுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? பிள்ளைகளுக்குத் தெரியாமல் கணவன் மனைவியைக் குறை சொல்லும் வீடு எதையும் நான் பார்த்ததில்லை. பிறகு ஞாயிறு காலை வகுப்பு தொடங்குகிறது. யார் பாடியது, என்ன வாத்தியம், சொல். அவள் சரியாகச் சொல்லியிருக்கிறாள். தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதை அம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிள்ளை வேறு எப்படிச் சொல்லும்? பன்னிரண்டு ஆண்டுகள் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ‘உனக்கு இது பிடித்திருக்கிறதா’ என்ற கேள்வி மட்டும் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

அந்த ஹெட்போனுக்குள் யாரும் அவளைக் கேள்வி கேட்பதில்லை. அவ்வளவுதான்.

ஹெட்போன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1979இல். நீங்கள் அப்போது சின்னஞ்சிறு பிள்ளையாக இருந்திருப்பீர்கள். பதினேழு வயதில் 400 கேசட்டுகளை நோக்கி நடந்துகொண்டிருந்த உங்களிடமும் அப்படி ஒன்று இருந்திருக்கும். இல்லையென்றால் ஆசையாவது இருந்திருக்கும். உங்கள் தந்தை அப்போது எந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்?

பழமொழிக்கு வருகிறேன். ஐந்தில் வளைத்தேன் என்கிறீர்கள். காது ஐந்து வயது வரை காத்திருப்பதில்லை. எரின் ஹேனன், சாண்ட்ரா ட்ரெஹப் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஆறு மாதக் குழந்தைகள் தங்கள் வீட்டில் கேட்கும் தாளத்தையும், கேட்டே இராத அயல்நாட்டுத் தாளத்தையும் ஒன்றுபோலப் பிடித்துக்கொண்டன. தாளம் பிசகினால் இரண்டிலும் கண்டுபிடித்தன. பன்னிரண்டு மாதமாகும்போது வீட்டுத் தாளம் மட்டுமே வசப்பட்டது; மற்றது நழுவிவிட்டது. ஆனால் அந்த ஒரு வயதுக் குழந்தைகளுக்கு அயல் இசையைச் சிறிது காலம் வீட்டில் போட்டுக் காட்டியதும் அந்தத் திறன் திரும்பி வந்தது. அதே அளவு கேட்ட பெரியவர்களுக்கு வரவில்லை. புரிகிறதா? வளையவில்லை என்று நீங்கள் புகார் சொல்வது மகளின் காதைப் பற்றி. எனக்குக் கவலை உங்கள் காதைப் பற்றி. மொழி தெரியாத பாட்டைத் தேடிப் போய்க் கேட்கிறாளே, அவள் காது நன்றாகத்தான் வளைகிறது. அதை ‘ஏதோ சத்தம்’ என்று ஒரே சொல்லில் மூடிவிட்ட காது எது?

திரும்பி வருவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் க்ரம்ஹான்ஸல், ஜஸ்டின் சுப்னிக் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சராசரியாக 20 வயதுள்ள 62 மாணவர்களுக்கு, 1955 முதல் 2009 வரை அமெரிக்காவில் முதலிடங்களைப் பிடித்த பாடல்களின் சிறு துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். பிடிக்கிறதா, ஏதாவது நினைவு வருகிறதா, இதைத் தனியாகக் கேட்டீர்களா, பெற்றோருடனா, நண்பர்களுடனா என்றெல்லாம் கேட்டார்கள். தங்கள் காலப் பாடல்கள் நெருக்கமாக இருந்ததில் வியப்பில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்த 1980களின் தொடக்கப் பாடல்களிலும் அந்த நெருக்கம் தலைதூக்கியது. அவர்களுடைய பெற்றோர் இருபது வயதை ஒட்டி இருந்த காலம் அது. 1960களின் பாடல்களிலும் சிறிய எழுச்சி ஒன்று தெரிந்தது. தாத்தா பாட்டியின் வழியாக வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று.

‘அப்படியானால் வருவாள்’ என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். அந்தப் பிள்ளைகளை யாரும் ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துக் கேள்வி கேட்டதாக அந்த ஆய்வில் இல்லை. பாட்டு வீட்டில் இருந்தது, பிள்ளையும் வீட்டில் இருந்தது. பாட்டோடு சேர்ந்து நினைவும் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் இதில் நீங்கள் பயப்பட வேண்டிய பகுதி. நாற்பது வயதில் உங்கள் பாட்டு எங்கேனும் அவள் காதில் விழும். அப்போது அவளுக்கு நினைவுக்கு வரப்போவது எது? சரியான விடை சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தது. அதோடு அவள் என்ன செய்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

(சந்தடிச் சாக்கில் ஒன்று. ஆண்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது அல்லவா? ‘நல்ல இசை’ என்று நீங்கள் அவளுக்குப் போட்டுக் காட்டியவற்றில் எத்தனை உங்கள் பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் வந்தவை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுத வேண்டாம்.)

என் தந்தைக்குச் சங்கீதம் தெரியாது. ஒரே ஒரு பாட்டின் முதல் இரண்டு வரிகள் தெரியும். முகச்சவரம் செய்துகொள்ளும்போது பாடுவார். மூன்றாவது வரியில் சொற்கள் தீர்ந்துபோய்த் ‘தன்னன்னா’ என்று இழுத்து முடித்துவிடுவார். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அந்தப் பாட்டை முழுதாக, பெரிய பாடகர் பாடி எங்காவது கேட்க நேர்ந்தால், மூன்றாவது வரியில் வரும் சொற்கள் எனக்கு இடைஞ்சலாகத் தெரிகின்றன. அவர் எனக்கு எதையும் போட்டுக் காட்டியதில்லை.

உங்கள் மகள் பேசிய விதத்தையும் நான் ஏற்கவில்லை. பெற்றவரின் உயிரான ஒன்றை ‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் உரிமையை எந்த வயதும் கொடுப்பதில்லை. அவள் எனக்கு எழுதியிருந்தால் அவளுக்கும் வாங்கிக் கட்டிக்கொள்ளக் கிடைத்திருக்கும். ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு பக்கம் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது குடும்பம் இல்லை என்று நினைக்கிற பழைய காலத்தவள் நான். ஆனால் எழுதியவர் நீங்கள். வீட்டில் ஒருவரின் வாயை முதலில் அடைத்தவரும் நீங்கள்.

ஞாயிறு வகுப்பை இந்த வாரமே நிறுத்துங்கள். அறிவிப்பு எதுவும் வேண்டாம். பாட்டை உங்களுக்காகப் போடுங்கள்; துணி மடிக்கும்போது, அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது. யாரையும் கூப்பிடாதீர்கள். உங்களுக்கு வாய் இருந்தால் கூடவே பாடுங்கள், தப்பும் தவறுமாக. மகளிடம் அவள் கேட்பதில் ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடியும் வரை கேளுங்கள். ‘இதுவும் எங்கள் காலத்தில் வந்ததுதான்’ என்ற வாக்கியம் நாக்கின் நுனி வரை வரும், விழுங்கிவிடுங்கள்.

இதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை மனைவியிடம். மறுபடியும் பாடு என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள், அது இன்னொரு கட்டளை. மகள் எதிரில் பெருந்தன்மை காட்டவும் வேண்டாம். நான் சொன்னது தவறு என்று இருவரும் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். மனைவியின் குரலைக் காப்பது கணவனின் கடமைகளில் ஒன்று என்பது என் கருத்து. சாப்பாடு, துணிமணி, பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான். அவர் மறுபடி பாடலாம், பாடாமலும் போகலாம். அதைத் தீர்மானிக்கும் இடத்தில் நீங்கள் இல்லை.

மகளைப் பற்றி எனக்கு அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன், பாடுவதை எந்த நாளில் நிறுத்தினாய் என்று மனைவியிடம் கேளுங்கள். அவருக்கு நன்றாக நினைவிருக்கும். கேட்கும்போது அந்தக் கணினியில் ஓடும் பாட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.