மெட்ரிக் முடித்து ஒரு வருடம் வெளியே போகலாமா? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பதினோரு வருடமாக, மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பிள்ளைகளை ஓராண்டுப் பயணத் திட்டங்களுக்குத் தயார் செய்து அனுப்புகிறேன். உலகத்தைப் பார்த்துப் படிப்பது, சமூக மாற்றத்துக்கு உழைப்பது என்று சொல்லும் திட்டங்கள்தான். நானும் 19 வயதில் அப்படிப் போனவள். உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா: மகள் இந்த வருடம் மெட்ரிக். ஒரு வருடம் வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகிறேன் என்கிறாள். படிப்பு விட்டுப்போகாதா அக்கா?

விட்டுப்போகாது அம்மா, ஆனால் விண்ணப்பத்தை இப்போதே போடச் சொல்லுங்கள். நம் குவாசூலு நட்டால் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கு சி.ஏ.ஓ. என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தானே போடுகிறோம்? மெட்ரிக் வருடத்திலேயே போட்டு, இடம் கிடைத்ததும், ஒரு வருடம் அதை வைத்திருப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் வைத்திருப்பார்கள், சில இடங்களில் அடுத்த வருடம் மறுபடி போடச் சொல்வார்கள். உதவித்தொகை இருந்தால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். இன்னொன்று, இடையில் வேறு பல்கலைக்கழகத்தில் ஏதாவது படிப்புக்குச் சும்மா பதிவு செய்து வைக்க வேண்டாம். முதல் முறை சேரும் மாணவர் என்ற தகுதி போய்விடலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி: அநாதை இல்லத்தில் நான்கு வாரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்று பார்த்தேன். பணம் கட்டிச் சேரலாம். நல்லதா?

வேண்டாம் தம்பி. நானே செய்த தவறு இது.

வேறொரு நாட்டில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு இல்லத்தில் ஆறு வாரம் இருந்தேன். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று முதல் நாளே ஓடி வந்து என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் அவ்வளவு அன்பு என்று பூரித்துப்போனேன். கிளம்பிய நாளில் நான்தான் அழுதேன், அது அழவில்லை. வாசலில் அடுத்த வண்டியிலிருந்து இறங்கியவளிடம் ஓடி, அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. அது அன்பு இல்லை, வருகிறவர் எல்லோரும் போய்விடுவார்கள் என்று பழகிய குழந்தையின் பிடிப்பு என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

நம் நாட்டு ஆய்வாளர் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-இல் இதைத்தான் எழுதினார்கள். குறுகிய காலத் தொண்டர்கள் வந்து வந்து போவது, ஏற்கனவே இழப்பைப் பார்த்த சின்னக் குழந்தைகளுக்குக் கேடு என்று எச்சரித்தார்கள். பல நாடுகளில் இந்த இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். தொண்டர் கட்டும் பணம் வர வர, இல்லத்தை நிரப்பப் பிள்ளைகளும் தேவைப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இந்த விஷயமும் பேசப்பட்டது.

இங்கே பிள்ளைகளோடு வேலை செய்ய ஒருவரைச் சேர்க்கும் முன், குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில், பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர் என்று அவர் பெயர் இருக்கிறதா எனப் பார்க்கச் சட்டம் சொல்கிறது. உன்னை யார் என்றே விசாரிக்காமல், பணம் வாங்கிக்கொண்டு குழந்தைகளிடம் விடுகிற இடம் எப்படி இருக்கும், நீயே யோசி.

டொங்காட்டிலிருந்து ஒரு தங்கை: சிங்கக் குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்க்கும் தொண்டு?

அதுவும் வேண்டாம். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால்தான் உன் கையில் புட்டி வரும். மனிதர் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. வளர்ந்த பிறகு வேட்டைக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் போகும். நம் அரசு அமைத்த நிபுணர் குழுவே 2021-இல் இந்த வளர்ப்புத் தொழிலை நிறுத்தப் பரிந்துரைத்தது.

லெனேசியாவிலிருந்து ஒரு அப்பா: எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. பையன் போகவே முடியாதா?

முடியும் ஐயா. ஜெர்மன் அரசின் வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்தைப் பாருங்கள். 2008-இல் தொடங்கியபோது ஜெர்மன் பிள்ளைகள் மட்டும் நம் மாதிரி நாடுகளுக்கு வந்தார்கள். 2013-க்குப் பிறகு எதிர்த்திசையும் திறந்தது. 18 முதல் 28 வயதுள்ள நம் பிள்ளைகள் அங்கே போய்ப் பள்ளி, முதியோர் இல்லம், சுற்றுச்சூழல் அமைப்பு என்று வேலை செய்யலாம். விமானச் சீட்டு, தங்குமிடம், காப்பீடு, மொழி வகுப்பு, கைச்செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் பையன் தனியாக விண்ணப்பிக்க முடியாது. இங்கே இருக்கும் கூட்டாளி அமைப்பு ஒன்று அனுப்ப வேண்டும். அந்த அமைப்பில் முதலில் சில மாதம் வேலை செய்து காட்டுவதுதான் வழி. விசாவுக்கும் மாதக்கணக்கில் ஆகும், பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.

தமிழ்நாடு அரசின் 'வேர்களைத் தேடி' பயணமும் உண்டு. 18 முதல் 30 வயதுள்ள அயலகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கானது. தென்னாப்பிரிக்காவிலிருந்தும் போயிருக்கிறார்கள். இது ஓராண்டு இல்லை, சில நாள்தான், முதல் அடிக்கு நல்லது.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு ஆயா: நம்ம ஊரிலேயே இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது பிள்ளைகள் ஏன் வெளியே போக வேண்டும்?

ஆயா, நீங்கள் கேட்டதுதான் இங்கே வந்த கேள்விகளிலேயே பெரியது. சில வருடம் முன்பு உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை ஜெர்மனிக்கு அனுப்பினேன். அங்கே தங்கிய வீட்டில் ஒரு பெரியவர், உங்கள் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இனாண்டாவைப் பற்றிக் கேட்டாராம். காந்தி 1904-இல் ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கியது அந்த இனாண்டாவில்தான். ஏ.என்.சி. கட்சியின் முதல் தலைவர் ஜான் டூபே பள்ளி கட்டியதும் அங்கே. 1994-இல் மண்டேலா வாழ்க்கையில் முதல் ஓட்டுப் போட்டதும் அந்த ஓலாங்கே பள்ளியில்தான். அவள் வீட்டிலிருந்து காரில் கால்மணி நேரம். ஒரு நாள்கூடப் போனதில்லை. போனில் என்னிடம் சொல்லும்போது குரல் கம்மியது.

அதன் பிறகு, கிளம்பும் முன் எல்லோருக்கும் இரண்டு மாதம் உள்ளூர் வேலை வைக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் இனாண்டாவில் ஒரு அமைப்போடு வேலை, தினம் ஒரு மணி நேரம் ஜூலு மொழி. சனிபோனா, உஞ்சானி என்று நலம் கேட்பதோடு நிறுத்தினால் போதாது, ஒரு பாட்டியோடு உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் உங்கள் பகுதியில் போன உயிர்களை நாம் யாரும் மறக்கவில்லை. பக்கத்து ஊரோடு பேசப் பழகாதவர் தூர தேசத்துக்குப் போய் என்ன மாற்றம் கொண்டுவருவார்? இந்த இரண்டு மாதத்தில், வெளியே போக வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. அவர்களை நினைத்து எனக்குப் பெருமைதான்.

வெருலமிலிருந்து ஒரு தம்பி: டூரிஸ்ட் விசாவில் போய்த் தொண்டு செய்யலாமா?

கூடாது. சம்பளம் இல்லாவிட்டாலும் பல நாடுகளில் அது வேலைதான். அப்படிப் போகச் சொல்கிற அமைப்பை அங்கேயே விட்டுவிடு.

சாட்ஸ்வொர்த் அம்மா மறுபடி: புரட்டாசியில் சைவம். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?

தங்கப்போகும் வீட்டுக்கு இப்போதே எழுதச் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம். பருப்பு எல்லா ஊரிலும் கிடைக்கும். அப்புறம், போன வருடம் அதே இடத்தில் இருந்த பெண்ணின் நம்பரை அமைப்பிடம் கேளுங்கள். சாப்பாடு, பஸ், இரவில் தெரு எப்படி என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நம்பர் தர மறுத்தால் எனக்குச் சொல்லுங்கள், வேறு இடம் பார்ப்போம்.