ஓடுகிற லாரி நின்று நின்று போனால்: மன்னார்குடி மெக்கானிக்கிடம் கேட்டவை

மன்னார்குடியில் முப்பது வருடமாக டீசல் வண்டி பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்து போகிறது என்று குறுவை அறுவடை தொடங்கியதிலிருந்து நிறையப் பேர் கேட்கிறீர்கள். முடிந்தவரை பதில் எழுதுகிறேன். கேட்கும்போது வண்டி பழைய பம்ப் வண்டியா, கம்ப்யூட்டர் வைத்த புது சென்சார் வண்டியா என்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

நீடாமங்கலம், நெல் லாரி: அண்ணே, பழைய பம்ப் வண்டி. கொள்முதல் நிலையத்தில் சிப்பம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் இருபது நிமிடத்தில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் சும்மா விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. டீசல் பம்பைக் கழற்றணும் என்கிறார்கள், சரியா?

தம்பி, பம்பில் கை வைக்கவே வைக்காதீங்க. பம்ப் கெட்டிருந்தால் பத்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுப் பெரும்பாலும் தானாகச் சரியாகாது. டீசல் வரும் வழியில் எதுவோ அடைக்கிறது, வண்டி நின்றதும் விலகிவிடுகிறது. அடுத்த முறை நின்றவுடன் இறங்கி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் மூச்சு விடும் ஓட்டை அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

சத்தம் வரவில்லையென்றால் டேங்குக்குள் பாருங்கள். இதில் நானே ஒருதரம் அசடு வழிந்திருக்கிறேன். சம்பா அறுவடை நேரம், வலங்கைமான் பக்கத்து வண்டி ஒன்று, இதே நோய். நேராகப் பம்பைக் கழற்றித் தஞ்சாவூரில் பம்ப் வேலை பார்க்கிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் பெஞ்சில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார், வண்டி மூன்று நாள் நின்றதும் கூலியும்தான் மிச்சம். மாட்டி ஓட்டினால் வலங்கைமான் தாண்டுவதற்குள் மறுபடி நின்றது. கடைசியில் டேங்கை இறக்கிக் கவிழ்த்தோம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலித்தீன் துண்டு வந்து விழுந்தது. நடுவில், உறிஞ்சு குழாயின் வாய் அளவுக்கு, அச்சு வைத்தது போல் வட்டமாகத் தடம். இன்ஜின் இழுக்கும்போது போய் ஒட்டிக்கொள்ளும், நின்றால் விலகிவிடும். அன்றிலிருந்து எந்த வண்டி வந்தாலும் டேங்கிலிருந்துதான் தொடங்குகிறேன்.

நீடாமங்கலம் மறுபடியும்: அண்ணே, புஸ்ஸென்றுதான் வந்தது! மூடியில் ஆணியால் பெரிய ஓட்டையாகப் போட்டுவிடவா?

வேண்டாம், ஐப்பசி மழை முழுவதும் டேங்குக்குள் போய்விடும். நெல் தூசியும் டீசலும் சேர்ந்து அடையாகப் பிடித்திருக்கும், மூடியை டீசலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். அப்படியும் அடைத்தால் புது மூடி வாங்குங்கள்.

ஒரத்தநாடு: காலையில் ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் அணைகிறது. ஹேண்ட் பம்பை அடித்தால் ஓடுகிறது. கீழே ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லை. பழைய வண்டிதான்.

ஏர் எடுக்கிறது, அதாவது டீசல் லைனுக்குள் காற்று நுழைகிறது. ஒழுகவில்லையே என்பதை வைத்து ஏமாறாதீங்க. டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப். அது டீசலைத் தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகும். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சும் பக்கம், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இளநீர் உறிஞ்சுகிற குழலில் கீறல் இருந்தால் எப்படியோ அப்படி.

கடையில் ஒரு முழம் கண்ணாடி மாதிரித் தெரிகிற டீசல் ஹோஸ் வாங்கி, ஃபீட் பம்புக்கு வருகிற லைனில் தற்காலிகமாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் சந்தேகமே இல்லை, அதற்கு முன்னால்தான் ஓட்டை. ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு டேங்க் பக்கம் போங்கள். பெரும்பாலும் காப்பர் வாசர்தான் காரணம். ஒருதரம் இறுக்கி நசுங்கிய வாசரையே திரும்பப் போட்டிருப்பார்கள், புதிது சில ரூபாய்தான். ஹேண்ட் பம்பின் அடியிலும் ஏர் எடுக்கும், அதையும் விடாதீங்க.

சரி செய்த பிறகு ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். பிறகு பம்ப் ஸ்க்ரூவிலும் அதே.

வேதாரண்யம், உப்பு லாரி: எனக்கும் ஏர்தான். வாசர் எல்லாம் மாற்றியாயிற்று, போகவில்லை.

உப்பு வண்டியா? இரும்பு பைப்பைச் சேசிஸோடு பிடிக்கும் கிளிப்புகளைக் கழற்றி அடியில் பாருங்கள். உப்பு ஈரம் அங்கேதான் தங்கி அரிக்கும், ஊசி முனை ஓட்டை போதும்.

கும்பகோணம், இரண்டு லாரி வைத்திருக்கிறேன்: ஐயா, பி.எஸ்.6 வண்டி, புதுப் புகை விதிப்படி வந்த சென்சார் வண்டி. சூடானால் திடீரென்று அணைகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது. டிரைவர் இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் நாசில் பைப்பைத் தளர்த்தி ஏரை வெளியே விடலாம் என்கிறார். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற ஆட்ப்ளூ தீர்ந்ததால் இருக்குமோ?

தங்கச்சி, முதலில் டிரைவரைத் தடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இந்த வண்டிகளில் நாசில்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் என்ற குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும், லாரி டயரிலேயே எட்டுப் பார்தான். ஓடும்போது பைப்பைத் தளர்த்தினால் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். பழைய வண்டிக்குச் செய்வதை இதற்குச் செய்யவே கூடாது.

ஆட்ப்ளூ தீர்ந்தால் வண்டி இழுவையைக் குறைக்கும், இப்படிப் பட்டென்று அணையாது. நீங்கள் சொல்வதைக் கேட்டால் இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான் என் சந்தேகம், சூட்டில் அது சிக்னலை விட்டுவிடும், ஆறினால் திரும்ப வரும். ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். ஆனால் சென்சார் வாங்குவதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள். அறுவடை முடிந்தால் வயல் எலிக்கு வேறு போக்கிடம் இல்லை, இரவில் நிற்கும் லாரிக்குள் ஏறி ஒயரைக் கொறிக்கும். போன தை மாசம் மட்டும் இரண்டு வண்டி பார்த்தேன்.

திருத்துறைப்பூண்டி, அறுவடை மெஷின்: லாரி இல்லை, கேட்கலாமா? மழைக்குப் பிறகு தட்டித் தட்டி நிற்கிறது.

தாராளமாக. வயலில் கேனில் வைத்து ஊற்றும் டீசல்தானே? தண்ணீர் கலந்திருக்கும். ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகாலைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, லிட்டர் டீசல் 830 கிராம்தான் இருக்கும், அதனால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். தண்ணீர் இருந்தால் டேங்கையும் அடியிலிருந்து வடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி டேங்கை நிரப்பி வைப்பது நல்லது, காலி இடத்தில்தான் ஈரம் வியர்த்துச் சொட்டும்.

பாபநாசம்: ஏர் ஃபில்டர் அடைத்தாலும் நிற்குமா?

அதற்கு முன்னால் கரும்புகை கக்கி உங்களுக்கே சொல்லிவிடும்.

திருவையாறு: வளைவிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது அண்ணே? அன்றைக்குப் பாலத்து இறக்கத்தில் உயிர் போய் வந்தது.

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்கணும். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நிற்கும், காற்று டேங்கில் மிச்சம் இருக்கிற காற்றுதான் பிரேக்குக்கு. அதனால் மிதித்து மிதித்து விடாதீங்க, ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், பூட்டிக்கொண்டதோ என்று பயந்து விடாமல் இரண்டு கையாலும் பலமாகத் திருப்புங்கள். சாவியைப் பிடுங்காதீங்க, சில வண்டியில் ஸ்டியரிங் நிஜமாகவே பூட்டிக்கொள்ளும். நின்றதும் பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அப்புறம் போய் டீசல் டேங்க் மூடியைத் திறங்கள்.