தோற்காதவனுக்கு ஏன் கதவடைப்பு?

கேள்வி: என் மகன் ஓஹியோவில் படிக்கிறான். அங்கே கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) பிளேஆஃபுக்கு யார் போவது என்பதை ஒரு குழு உட்கார்ந்து பேசித் தீர்மானிக்குமாம். ஐபிஎல் மாதிரி புள்ளிப் பட்டியல் போட்டு, மேலே இருப்பவர்களை எடுத்துக்கொண்டால் ஆயிற்று. இதற்கு எதற்குப் பஞ்சாயத்து?

பதில்: ஐபிஎல்லில் 10 அணிகள், ஆளுக்கு 14 ஆட்டம். அங்கே மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கு மேல் அணிகள். பிளேஆஃபுக்கு முன் ஆளுக்கு 12 ஆட்டம்தான்; தன் கான்ஃபரன்ஸின் (பல கல்லூரிகள் சேர்ந்த கூட்டமைப்பு) இறுதிக்குப் போனால் 13. ஆளை ஆள் மோதிச் சாய்க்கிற ஆட்டம், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் உடம்பு தாங்காது. ஜார்ஜியாவும் அலபாமாவும் இருக்கிற கான்ஃபரன்ஸில் 10 வெற்றியும், சின்ன கான்ஃபரன்ஸில் 10 வெற்றியும் ஒரே எடை இல்லை. பட்டியல் போட்டால் அது பொய் சொல்லும். முன்பு ஓட்டுப் போட்டார்கள். 1997-ல் பத்திரிகைக்காரர்கள் மிச்சிகன் என்றார்கள், பயிற்சியாளர்கள் நெப்ராஸ்கா என்றார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு சாம்பியன்! பிறகு கம்ப்யூட்டர் கணக்கு வந்தது. 2014-ல் 13 பேர் கொண்ட குழுவும் 4 அணி பிளேஆஃபும். 2024 முதல் 12 அணிகள்.

குழுவின் லட்சணத்தை நான் நேரில் பார்த்தது 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை ஃப்ளோரிடா ஸ்டேட் என்ற கல்லூரியில் படித்தவர். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு தாள் ஒட்டியிருந்தார். 13 ஆட்டம், 13 வெற்றி, ஸ்கோர் எல்லாம் நீலப் பேனாவில். கீழே அரையிறுதிக்கும் இறுதிக்கும் இரண்டு வரி காலி. டிவியில் நான்காம் இடத்துக்கு அலபாமா பெயர் வந்தது, ஏற்கெனவே டெக்சாஸிடம் தோற்ற அலபாமா. “மாமா, நாங்க ஒண்ணுகூடத் தோக்கலையே” என்றார், ஏதோ அந்த 13 பேரில் நானும் ஒருத்தன் போல. குற்றம் என்ன? குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலை முறித்துக்கொண்டார். இனி இந்த அணி பழைய அணி இல்லையாம். அவர் இல்லாமலே ஃப்ளோரிடாவையும் லூயிவில்லையும் ஜெயித்து கான்ஃபரன்ஸ் கோப்பையை வாங்கியது கணக்கில் வரவில்லை. பிறகு ஆரஞ்சு பௌல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் ஜார்ஜியா 63–3 என்று அடித்தபோது “பார்த்தீர்களா, குழு சொன்னது சரி” என்றார்கள். முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் அன்று இறங்கவே இல்லை என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், தோல்வியே காணாத அணிக்குக் கதவு தானாகத் திறக்க வேண்டும். கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கும் திறக்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல்: 2025-ல் 5 தோல்வியோடு டியூக் கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆனது. அதற்கும் இடம் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று தோல்விக்கு மேல் என்றால் சாம்பியனானாலும் வெளியே. மிச்ச இடங்களுக்குக் குழு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடட்டும்.

கேள்வி: 2024-ல் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்ற ஓஹியோ ஸ்டேட் கடைசியில் சாம்பியன். நியாயமா?

பதில்: டென்னசி, ஓரிகன், டெக்சாஸ், நோட்டர் டேம் என்று வரிசையாக நாலு பேரைச் சாய்த்தார்கள். அதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும்? அநியாயம் வேறு இடத்தில். முதல் நான்கு இடமும் முதல் சுற்று ஓய்வும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே என்று விதி. அதனால் தரவரிசையில் 9-வதாக இருந்த பாய்சி ஸ்டேட்டும் 12-வதாக இருந்த அரிசோனா ஸ்டேட்டும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தன. அதுவரை தோற்காமல் முதலிடத்தில் இருந்த ஓரிகனுக்குக் கிடைத்த பரிசு, முதல் ஆட்டத்திலேயே ஓஹியோ ஸ்டேட். ஓய்வெடுத்த நால்வரும் முதல் ஆட்டத்திலேயே அவுட் ஆனது தனிக் கதை. மறுவருஷம் விதியை மாற்றிவிட்டார்கள். தரவரிசையில் முதல் நால்வருக்கே ஓய்வு.

கேள்வி: தன்னைத்தானே சாம்பியன் என்று அறிவித்துக்கொண்ட கல்லூரி உண்டாமே?

பதில்: சென்ட்ரல் ஃப்ளோரிடா, 2017. 12 ஆட்டம், 12 வெற்றி, குழு கண்டுகொள்ளவில்லை. பீச் பௌல் என்ற இன்னொரு சீசன் முடிவு ஆட்டத்தில் ஆபர்ன் அணியை 34–27 என்று ஜெயித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வருஷம் இறுதிக்குப் போன அலபாமா, ஜார்ஜியா இருவரையும் அதே ஆபர்ன் முன்பே ஒவ்வொரு முறை தோற்கடித்திருந்தது. உடனே இவர்கள் நாங்களே சாம்பியன் என்று சொல்லி ஊர்வலமும் நடத்தினார்கள். நான் அங்கே இருந்திருந்தால் ஊர்வலத்தில் கொடி பிடித்திருப்பேன்.