கீழே கடை, மேலே பூங்கா

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவில் வணிக வளாகம் கட்டத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கடைகள் தரைக்கு அடியில்தான், மேலே பூங்கா அப்படியே இருக்கும் என்கிறார்கள். நாங்கள் சிலர் எதிர்த்து மனு கொடுத்தோம். "இருட்டினால் அங்கே குடிகாரர்கள்தான் உட்காருகிறார்கள். கடை வந்தால் நாலு பேர் பிழைப்பார்கள், நல்ல காரியத்தை ஏன் தடுக்கிறீர்கள்?" என்று பக்கத்துத் தெருக்காரர்களே கேட்கிறார்கள். எதிர்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

ர.

அன்புள்ள ர.,

இருக்கிறது, ஆனால் குழி தோண்டுவதற்கு முன்னால் எதிர்க்க வேண்டும்.

லக்னோவின் அமீனாபாத்தில் ஜண்டேவாலா பூங்கா என்று ஒன்று உண்டு. விடுதலைப் போராட்டக் கூட்டங்கள் நடந்த இடம். 1993-ல் அந்த ஊர் மாநகராட்சி, டெண்டர் கூட விடாமல், அதன் அடியில் கடைவளாகம் கட்ட ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அங்கேயும் 'மேலே பூங்கா இருக்கும்' என்றுதான் சொன்னார்கள். 1994-ல் உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் முடிய 1999 ஆகிவிட்டது. அதற்குள் கான்கிரீட் எழும்பி, கடைகளுக்கு ஆட்களும் வந்துவிட்டார்கள். கட்டியதை இடிக்க வேண்டாம் என்று அவர்களும் மன்றாடினார்கள். சட்டவிரோதத்துக்குச் சலுகை கிடையாது, பூங்காவை மீட்டுக் கொடு என்றது நீதிமன்றம். அப்படியும் முழுப் பூங்கா திரும்பவில்லை. நான்கு பகுதிகளில் மூன்றைத்தான் இடிக்கச் சொன்னார்கள். மீதி ஒன்று வாகன நிறுத்தமானது. ஜெயித்த வழக்கின் கணக்கு இது!

'மேலே பூங்கா' என்பதையும் நம்பாதீர்கள். கான்கிரீட் தளத்தின் மேல் கொட்டிய சில அடி மண்ணில் புல் வரும், குரோட்டன்ஸ் வரும். வேம்பும் புங்கனும் எங்கே வேர் விடும்? மழைத்தண்ணீரும் நிலத்தில் இறங்காது.

குடிகாரர்கள் விஷயம் சரிதான். விளக்குப் போடுவதும் காவலாளி வைப்பதும் யார் வேலை? அதைச் செய்யாதவர்களே அதைக் காரணமாகச் சொல்வதுதான் வேடிக்கை.

நல்ல காரியம் என்றால் மருத்துவமனையை விடவா? பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அதையே செல்லாது என்றது. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் வழக்குப் போடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆக, 'உங்களுக்கு என்ன?' என்று யாரும் கேட்க முடியாது.

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேளுங்கள்: மன்றத் தீர்மான நகல், அந்த இடம் பூங்காவாக ஒதுக்கப்பட்டதற்கான வரைபடமோ தானப் பத்திரமோ, அப்புறம் நகராட்சிக்குச் சொந்தமான கடைகளில் எத்தனை வாடகைக்குப் போகாமல் கிடக்கின்றன என்ற விவரம். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத் துண்டறிக்கையாக அடித்துப் பக்கத்துத் தெருவில் கொடுங்கள். தீர்மான நகல் வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.