ஃபீஸ் கட்டலைன்னா அது கவர்மெண்ட் ஸ்கூல்னு அர்த்தமா?

வாசகர் கேள்வி பதில். இந்த மாசம் வந்த கேள்வி பூராம் பள்ளிக்கூடச் செலவு, உதவித்தொகை பத்திதான், அதுலயும் முக்கால்வாசி ராமநாதபுரம் கடக்கரைப் பக்கமிருந்து. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அது முடியுற நேரத்துல ஸ்கூலும் தொறந்துருவாங்க, கையில காசு இருக்காது, அதனால கேள்வி வர்றது நியாயம்தான்.

சார், எம்மக இங்க சிஸ்டருங்க நடத்துற ஸ்கூல்ல ஏழாவது படிக்கிறா. ஃபீஸ் கிடையாது, புக்கு, சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. அப்ப அது கவர்மெண்ட் ஸ்கூல்தானே? பிளஸ் டூ முடிச்சா மெடிக்கல்ல 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு கேக்கலாம்னு அவ அப்பா சொல்றாரு, பக்கத்து வீட்டக்கா கேக்க முடியாதுங்குறாங்க. யார் சொல்றது சரி?
– ஒரு அம்மா, தங்கச்சிமடம்

பக்கத்து வீட்டக்காதான் சரிம்மா. அது அரசு உதவி பெறும் பள்ளி, எய்டட் ஸ்கூல்னு சொல்றது. வாத்தியார் சம்பளத்தை அரசாங்கம் குடுக்குது, நிர்வாகம் சிஸ்டருங்க சபை கையில. பாம்பன்லருந்து தொண்டி வரைக்கும் நம்ம கடக்கரைல இப்படி ஸ்கூல் நிறைய இருக்கு, அதனாலதான் இந்தக் குழப்பமும் நம்ம பக்கம் ஜாஸ்தி. 2020-ல வந்த 7.5 சதவீத சட்டம் ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பிள்ளைகளுக்கு மட்டும்தான், எய்டட் ஸ்கூலைச் சேக்கச் சொல்லி கோர்ட்டு வரைக்கும் போயும் நடக்கல. 2021-ல அதையே இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம்னு நீட்டுனாங்க, அந்தக் கோட்டால சீட்டு வாங்குனா ட்யூஷன் ஃபீஸு ஹாஸ்டல் ஃபீஸு ரெண்டையும் அரசாங்கமே கட்டிரும். கடல்ல மீன்பாடு இல்லாத வருசத்துல இது எவ்வளவு பெரிய விசயம்னு உங்களுக்குச் சொல்லவேணாம்.

அதுக்காக இப்பவே ஓடிப்போய் டிசி வாங்கிராதீங்க. உங்க மக ஆறாவதையே எய்டட்ல முடிச்சிட்டா, இனிமே மாத்தி 7.5-க்குப் பிரயோஜனம் இல்ல. நல்லாப் படிக்கிற இடத்துல இருந்து பிள்ளையக் கிளப்புறதுதான் மிச்சம். ஆனா அஞ்சாவது படிக்கிற தம்பியோ தங்கச்சியோ வீட்ல இருந்தா அவுகளுக்கு இப்ப யோசிக்கணும், ஆறாவதுல சேத்ததுக்கு அப்பறம் இல்ல.

புதுமைப் பெண் திட்டம் வேற கணக்கு. 2022 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்சப்ப அதுவும் அரசுப் பள்ளி பொண்ணுகளுக்கு மட்டும்தான் இருந்துச்சு, 2024 டிசம்பர் கடைசில எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுகளையும் சேத்துட்டாங்க. காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூவா, அவ பேர்ல இருக்கிற அக்கவுண்ட்டுக்கு வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட்லருந்து, அதே ஆயிரம். இதுல கவனிக்க வேண்டிய வார்த்தை தமிழ் மீடியம். அதே காம்பவுண்டுக்குள்ள இங்கிலீஷ் மீடியம்னு தனியா ஒரு செக்‌ஷன் நடத்துவாங்க, எட்டாவதுல அங்க மாத்துனா கௌரவமா இருக்கும்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க, மூணு வருச டிகிரிக்கு வர வேண்டிய 36,000 அந்தக் கௌரவத்துல போயிரும்.

என் அபிப்ராயத்தையும் சொல்லிர்றேன். நம்மகிட்ட ஏழ்மையப் பாத்து குடுக்கிற உதவி கம்மி, எந்த ஸ்கூல் ரிஜிஸ்டர்ல எந்த வகுப்புலருந்து பேர் இருக்குன்னு பாத்துக் குடுக்கிறதுதான் அதிகம். வலைக்குப் போறவர் மகளும் சரி, போட்டு ஓனர் மகளும் சரி, ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில இருந்தா ரெண்டு பேருக்கும் அதே ஆயிரம்தான். நல்லதா கெட்டதான்னு விவாதம் பண்ணலாம், ஆனா ரிஜிஸ்டர் விசயத்துல அசந்துட்டா பிறகு எந்த சர்டிபிகேட்டும் காப்பாத்தாது.

இன்னொன்னு, அடுத்த வருசம் அவ எட்டாவது வந்ததும் என்எம்எம்எஸ்னு ஒன்றிய அரசோட உதவித்தொகைப் பரிட்சை எழுதச் சொல்லுங்க. இதுல அரசுப் பள்ளி, எய்டட் ரெண்டும் உண்டு, குடும்ப வருமானம் வருசத்துக்கு மூணரை லட்சத்துக்குள்ள இருக்கணும். பாஸ் பண்ணி லிஸ்ட்ல வந்தா ஒன்பதுலருந்து பன்னெண்டு வரைக்கும் வருசம் 12,000. மனத்திறன் ஒரு பேப்பர், பாடம் ஒரு பேப்பர், மனத்திறன்லதான் நம்ம பிள்ளைக கோட்டை விடுதுக, பழைய கொஸ்டீன் பேப்பரை வாங்கிப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க.

மகனுக்கு முந்தி மைனாரிட்டி ஸ்காலர்ஷிப் வந்துச்சு, அவனுக்குப் பிறகு மகளுக்கு நாலாவதுல எழுதிக் கேட்டா இல்லைங்கிறாங்க. எங்க பேரை மட்டும் விட்டுட்டாங்களா?
– ஒரு உம்மா, கீழக்கரை

உங்க பேரை மட்டும் விடல சகோதரி. ஒன்னாவதுலருந்து எட்டாவது வரைக்கும் இருந்த சிறுபான்மை ப்ரீ மெட்ரிக் உதவித்தொகைய ஒன்றிய அரசு 2022-லயே நிப்பாட்டிருச்சு, எட்டு வரைக்கும் கல்வி உரிமைச் சட்டத்துல இலவசமாத்தானே படிக்கிறாங்கன்னு காரணம் சொன்னாங்க. படிப்பு இலவசம்தான், பிள்ளைக்கு வேற செலவே இல்லையாக்கும்! நடையா நடந்து செருப்புத் தேயாதீங்க, ஆதாரையும் பேங்க் அக்கவுண்ட்டையும் மட்டும் மக பேர்ல சரியா வச்சுக்கங்க.

என் வீட்டுக்காரர் வத்தைல (சின்ன நாட்டுப்படகு) போனவர் அலைல அடிபட்டு இறந்துட்டாரு. பையன் ஆறாவது, பொண்ணு மூணாவது, ரெண்டும் பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல்தான். நான் கடல்பாசி எடுக்கப் போறேன். பிள்ளைக படிப்புக்கு ஏதாவது கிடைக்குமா?
– மண்டபம் பக்கத்துலருந்து ஒரு சகோதரி

தங்கச்சி, ரெண்டு இடத்துல கேக்கணும், நிதானமா வாசிங்க.

முதல்ல ஸ்கூல்ல. சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்துட்டா, இல்ல நிரந்தரமா முடங்கிட்டா, அரசு, எய்டட் பள்ளில படிக்கிற பிள்ளைக்கு 75,000 ரூவா பிள்ளை பேர்ல டெபாசிட் பண்ற திட்டம் ஒன்னு இருக்கு, முந்தி 50,000-மா இருந்துச்சு. இது ஹெச்எம் மூலமாத்தான் போகும். நிறைய ஹெச்எம் தானாச் சொல்றதில்ல, சொல்லக்கூடாதுன்னு இல்ல, அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. இதுல முக்கியம் விபத்துங்கிற வார்த்தை. இறப்புச் சான்று மட்டும் பத்தாது, எஃப்ஐஆரும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் கையில இருக்கணும். கடக்கரைல வழக்கமா என்ன நடக்குதுன்னா, உடம்பு கரைக்கு வந்ததும் ஸ்டேசன், ஆஸ்பத்திரி எல்லாம் எதுக்குன்னு சீக்கிரமா அடக்கம் பண்ணிர்றோம், ஆறு மாசம் கழிச்சு ஆபீஸ்ல போய் நிக்கும்போது கடல்ல செத்தாருன்னு காட்ட ஒரு தாளும் இருக்காது. உங்ககிட்ட அந்தப் பேப்பர் இருந்தா அசலை யார்கிட்டயும் குடுக்காதீங்க, ஜெராக்ஸ்தான் குடுக்கணும்.

ரெண்டாவது இடம் ராம்நாடு கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மிஷன் வாத்சல்யானு ஒரு திட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் மாசம் 4,000. கிராமத்துல குடும்ப வருமானம் வருசம் 72,000-க்குள்ள, டவுன்ல 96,000-க்குள்ள இருக்கணும். கைம்பெண் அம்மாவோட இருக்கிற பிள்ளைகளுக்கு இது பொருந்தும், நிதி இருக்கிறதைப் பொறுத்து வரிசைப்படிதான் குடுப்பாங்க, அதனால இன்னைக்கே எழுதிக் குடுத்துருங்க. 2025 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அன்புக்கரங்கள்ல மாசம் 2,000 வருதேன்னு யாராவது சொல்லுவாங்க, அது அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைக்கு, இல்ல ஒருத்தர் இறந்து இன்னொருத்தர் பாத்துக்க முடியாத நிலைல இருந்தா. நீங்க நல்லா இருக்கீங்க, நல்லா இருக்கணும், அதனால அது வேணாம்.

இதை வாசிக்கிற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. கடலுக்குப் போய் ஆளே திரும்பலைன்னா சட்டப்படி ஏழு வருசம் கழிச்சுத்தான் இறந்ததா எடுத்துக்குவாங்க. ஒக்கி புயல் மாதிரி பெரிய சமயத்துல அரசாங்கம் விலக்கு குடுத்துச்சு, ஒத்தப் படகு காணாமப் போனா யாரு குடுப்பா? அந்த ஏழு வருசம் பிள்ளை மூணாவதுலருந்து பத்தாவது போயிரும். அந்த மாதிரி வீட்டுக்கு மீன்துறை ஆபீஸ்ல காணாமப் போனதா அன்னைக்கே பதிஞ்சு வைக்கிறதும், மெரைன் போலீஸ் ஸ்டேசன்ல ரசீது வாங்குறதும்தான் முதல் வேலை.

கல்வி உரிமைச் சட்டத்து 25 சதவீத இடத்துல மெட்ரிக் ஸ்கூல்ல சேத்தோம். இப்ப புக்கு, வேன், யூனிஃபார்ம்னு பணம் கேக்குறாங்க. எட்டாவதுக்கு மேல என்ன பண்றது?
– ஒரு அப்பா, ராமேஸ்வரம்

அரசாங்கம் ஸ்கூலுக்குத் திருப்பிக் குடுக்கிறது படிப்புக் கட்டணத்தைத்தான், வேனுக்கு யாரும் குடுக்க மாட்டாங்க, அதுக்குத்தான் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளன்னு பாக்குறது. நலிவடைந்த பிரிவுன்னா வருமானம் ரெண்டு லட்சத்துக்குள்ள. சிறுபான்மை நிர்வாகத்து ஸ்கூலுக்கு இந்தச் சட்டமே கிடையாது, நம்ம ஊர்ல அது பாதிக் கதவைச் சாத்துன மாதிரி. ஆனா உங்களுக்கு ஒரு நல்ல சேதி: இந்தக் கோட்டால எட்டாவது வரைக்கும் தனியார்ல படிச்சிட்டு, ஒன்பதுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சா 7.5 சதவீதம் உண்டு, சட்டத்துலயே இருக்கு. அதனால ஒன்பதாவதுக்குக் கடன் வாங்கி அங்கயே ஃபீஸ் கட்டாம கவர்மெண்ட்டுக்கு வந்துருங்க. 25 சதவீதத்துல சேந்ததுக்கான பேப்பரை பத்திரமா வைங்க, கவுன்சிலிங்ல அதைக் கேப்பாங்க.

நாங்க பனைத்தொழில். பதநீ சீசன்ல குடும்பத்தோட விடிலிக்கு, அதான் பனங்காட்டுல கருப்பட்டி காய்ச்சுற குடிசைக்கு, போயிருவோம். திரும்பி வந்தா பையன் பேரை எடுத்துட்டோம், டிசி கொண்டாங்கன்னு சொல்றாங்க.
– சாயல்குடி வாசகர்

தம்பி, எட்டாவது வரைக்கும் டிசி இல்லைங்கிற காரணத்துக்காகச் சேத்துக்க மாட்டேன்னு சொல்லக்கூடாது, டிசி லேட்டானாலும் தடுக்கக்கூடாது, கல்வி உரிமைச் சட்டம் அஞ்சாவது பிரிவு. வயசுக்கேத்த வகுப்புல போடணும்ங்கிறது நாலாவது பிரிவு. பையனுக்கு எமிஸ் நம்பர்னு, கல்வித்துறை கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் குடுக்கிற நம்பர் ஒன்னு இருக்கும், அதை எழுதி வச்சுக்கிட்டா விடிலிக்குப் பக்கத்து ஸ்கூல்லயே அந்த நாலஞ்சு மாசம் உக்கார வைக்கலாம், சாப்பாடும் கிடைக்கும். காலைச் சாப்பாடு அஞ்சாவது வரைக்கும், மதியம் பத்தாவது வரைக்கும். அப்படியும் அலைக்கழிச்சா வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்க, வாயால சொல்றதுக்கு மதிப்பு இல்ல.

மச்சான் அமெரிக்கால இருக்காரு. அங்க அந்தந்த ஏரியா வீட்டு வரிலதான் ஸ்கூல் ஓடுதாம், ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியா ஃபண்ட் வருதாம். நம்ம பாம்பன் ஸ்கூலுக்கு யாரு காசு குடுக்குறா?
– கல்லூரி மாணவர், பாம்பன்

மச்சான் சொல்றது சரி. அங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னு தனி அமைப்பு, சொத்து வரி ஒரு பெரிய பங்கு, மாநிலம் ஒரு பெரிய பங்கு, ஒன்றிய அரசு பங்கு சின்னது. பணக்கார ஏரியால வரி நிறைய, ஸ்கூல் ஜோரா இருக்கும், ஏழை ஏரியால கூரை ஒழுகும். அதைச் சரிக்கட்டத்தான் 1965-ல டைட்டில் ஒன்னுன்னு ஒரு ஃபண்ட் கொண்டு வந்தாங்க, ஏழைப் பிள்ளைக எண்ணிக்கைய வச்சு ஒன்றிய அரசு குடுக்கும்.

நம்ம ஸ்கூல் பேரு ஊராட்சி ஒன்றியம்னு இருந்தாலும் ஒன்றியத்துக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தம் இல்ல, 1981-லயே அந்த வாத்தியாருங்க அரசு ஊழியர் ஆயிட்டாங்க. பாம்பன்ல மீன் படுதா இல்லையாங்கிறதை வச்சு வாத்தியார் சம்பளம் கூடிக் குறையாது, அந்த வகைல நம்ம முறை தேவலை. மத்த செலவுக்கு ஒன்றிய அரசும் மாநிலமும் சேந்து பணம் போடுற பள்ளிக்கல்வித் திட்டம் சமக்ர சிக்‌ஷா, 2018-லருந்து, ஒன்றிய அரசு 60, மாநிலம் 40. ஒன்றிய அரசோட பிஎம்ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்துல நம்ம மாநிலம் கையெழுத்துப் போடலைன்னு 2024-25-க்கான இந்தப் பணம் 2,152 கோடிய நிப்பாட்டி வச்சதெல்லாம் பேப்பர்ல பாத்துருப்பீங்க.

கீழ ஸ்கூலுக்கு வர்ற மானியம் தலைக்கணக்குதான். விதிப்படி 30 பிள்ளை வரைக்கும் வருசம் 10,000, 31-லருந்து 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000, 1,000 வரைக்கும் 75,000. அதுல பத்துல ஒரு பங்காவது சுத்தத்துக்குப் போகணும். 28 பிள்ளை இருக்கிற கடக்கரை ஸ்கூலை நினைச்சுப் பாருங்க, உப்புக் காத்துல ஜன்னல் கம்பி பொரிஞ்சு உதிருது, ஃபேன் காயில் போயிருது, மோட்டார் துருப்பிடிச்சு நிக்குது, உள்நாட்டுல பத்து வருசம் ஓடுற சாமான் இங்க அதுல பாதிக் காலம்கூடத் தாங்காது, ஆனா மானியம் ரெண்டு எடத்துக்கும் ஒன்னு. ராமநாதபுரத்தை 2018-லயே நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டம்னு லிஸ்ட்ல போட்டாச்சு, அந்த லிஸ்ட்டுக்குள்ள உப்புக் காத்துக்கு ஒரு கணக்கு இல்ல. எனக்கு இதுல வருத்தம் உண்டு.

மச்சானுக்கு மனசு இருந்தா, 2022 டிசம்பர்ல தொடங்குன 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் மூலமா வெளிநாட்டுலருந்தே குடுக்கலாம். ஆனா முதல்ல பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல போய் என்ன வேணும்னு கேட்டுட்டுக் குடுக்கச் சொல்லுங்க, அந்தக் குழுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்க, பாதிப்பேரு பொம்பளைங்க, அவங்களுக்குத் தெரியும். குடுக்கிறவங்க எல்லாருமே பேரு எழுதி மாட்டுற மாதிரி தண்ணி ஃபில்டரும் ஸ்மார்ட் போர்டுமாத்தான் குடுக்குறாங்க, கக்கூஸ் கழுவுற அம்மாவுக்கு மாசச் சம்பளம் சேத்துக் குடுக்கத்தான் ஆள் இல்ல.